காய்ந்த குட்டையில் உறங்கும் தேவதை இறால்: தூர்வாரும்போது நாம் எதை இழக்கிறோம்?

மழை ஓய்ந்த சில நாட்களில், காலி மனையில் தேங்கிய தண்ணீரை உற்றுப் பார்த்தால் கண்ணாடி மாதிரி ஏதோ ஒன்று மல்லாக்க நீந்துவதைச் சில நேரம் பார்க்கலாம். மீன் குஞ்சு போலவும் இருக்காது, கொசுப்புழு போலவும் இருக்காது. பதினொரு ஜோடிக் கால்கள் மேல் பக்கமாக அலை அலையாக அசைய, முதுகைத் தரைப் பக்கம் வைத்து நீந்தும் அந்த உயிரினத்துக்கு ஆங்கிலத்தில் ஃபேரி ஷ்ரிம்ப் என்று பெயர். தமிழில் தேவதை இறால் எனலாம்.

ஒரு சென்டிமீட்டரில் இருந்து மூன்று சென்டிமீட்டர் வரை வளரும் இந்தச் சின்ன உயிரினத்தில் சில இனங்கள் இப்போது உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. காரணம் வேட்டையோ நோயோ கிடையாது. நாம் 'சும்மா கிடக்குது' என்று சொல்லும் குட்டைகளை மூடுவதும், சில இடங்களில் நல்ல எண்ணத்தோடு ஆழப்படுத்துவதும்தான்.

பெயரிலேயே குளத்தை வைத்திருக்கும் புதுச்சேரி மூலக்குளம் போன்ற பகுதிகளுக்கும் இந்த உயிரினத்துக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

தேவதை இறால் என்றால் என்ன?

பெயரில் இறால் இருந்தாலும், நாம் குழம்பு வைக்கும் இறாலுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. இரண்டுமே ஓட்டுடலிகள் என்றாலும் இது தனி வரிசை. இதன் உடம்பில் கெட்டியான ஓடு இருக்காது. இந்த வரிசையில் உலகம் முழுக்க 300-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

கால்கள்தான் இதற்கு எல்லாமே. நீந்துவது காலால், மூச்சு விடுவது காலால், தண்ணீரில் மிதக்கும் பாசியையும் பாக்டீரியாவையும் வடிகட்டி வாய்க்குக் கொண்டு போவதும் காலால்தான். மல்லாக்க நீந்துவதற்கும் ஒரு காரணம் உண்டு. வெளிச்சம் வரும் பக்கம் வயிற்றை வைத்துக்கொள்வது இதன் இயல்பு. ஆய்வகத்தில் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் விளக்கு வைத்தால், அப்படியே புரண்டு குப்புற நீந்த ஆரம்பித்துவிடும்.

ஆண் இறாலின் முகத்தில் கொம்பு போல ஒரு பெரிய உறுப்பு இருக்கும். இனப்பெருக்கத்தின்போது பெண்ணைப் பிடித்துக்கொள்ள அது உதவுகிறது. பெண்ணின் வயிற்றுக்கு அடியில் முட்டைப் பை தொங்கும்.

தண்ணீர் வற்றினால் எப்படிப் பிழைக்கிறது?

இங்கேதான் விஷயமே இருக்கு. தேவதை இறாலால் மீன்கள் உள்ள தண்ணீரில் வாழ முடியாது. ஒளிந்துகொள்ளத் தெரியாது, கொட்டாது, கடிக்காது. மீன் கண்ணில் பட்டால் கதை முடிந்தது. அதனால் மீன்கள் நிரந்தரமாக வாழ முடியாத இடத்தை, அதாவது வருஷத்தில் சில மாதம் மட்டும் தண்ணீர் நின்று பிறகு காய்ந்துபோகும் குட்டைகளை, இது தன் வீடாக்கிக்கொண்டது.

குட்டை நிரம்பியதும் ஓரிரு நாட்களில் குஞ்சு பொரிக்கும். வெப்ப நாடுகளில் ஒன்றிரண்டு வாரத்திலேயே வளர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும். தண்ணீர் வற்றும்போது தாயும் தந்தையும் இறந்துவிடும். முட்டைகள் மட்டும் சேற்றில் தங்கும்.

அந்த முட்டை சாதாரண முட்டை இல்லை. கெட்டியான ஓட்டுக்குள்ளே கரு பாதி வளர்ச்சியில் அப்படியே நின்றுவிடுகிறது. உடலின் இயக்கம் கிட்டத்தட்ட நின்றுபோன இந்த நிலையில் மே மாத வெயிலில் தரை வெடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பல ஆண்டுகள் காய்ந்து கிடந்த மண்ணை எடுத்துத் தண்ணீரில் போட்டபோது குஞ்சு பொரித்த நிகழ்வுகள் அறிவியல் உலகில் பதிவாகியிருக்கின்றன.

இன்னொரு புத்திசாலித்தனமும் உண்டு. மழை பெய்ததும் எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிக்காது. ஒரு பகுதி மட்டும் பொரிக்கும். மீதி அடுத்த மழைக்கோ அதற்கு அடுத்த வருஷத்துக்கோ காத்திருக்கும். புதுச்சேரியில் ஆகஸ்ட் மாதம் ஒருநாள் கொட்டும் மழையை நம்பி எல்லா முட்டையும் பொரித்துவிட்டால் என்ன ஆகும்? பத்து நாளில் குட்டை காய்ந்து மொத்தத் தலைமுறையும் போய்விடும். கையில் இருக்கும் விதைநெல் எல்லாவற்றையும் முதல் மழைக்கே விதைக்காத விவசாயி மாதிரிதான் இதுவும். இப்படிப் பல வருஷத்து முட்டைகள் சேர்ந்து கிடக்கும் மேல்மண்ணை விஞ்ஞானிகள் 'முட்டை வங்கி' என்கிறார்கள்.

அழிவின் விளிம்பில் இருப்பது எது?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்குப் பக்கத்தில் ஸ்டோன் மவுண்டன் என்ற ஒற்றைக் கருங்கல் மலை இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கும். பிராங்கினெல்லா லித்தாக்கா என்ற தேவதை இறாலுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே வீடு அந்தக் குழிகள்தான். 1940-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்த இனத்தை, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1996-ல் செய்த மதிப்பீட்டில் 'மிக அருகிய இனம்' என்ற பிரிவில் வைத்தது. இயற்கையில் அற்றுப்போவதற்கு முந்தைய படி இது. லட்சக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் அந்த மலையில் இந்த இறால் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற சந்தேகமும் நீடிக்கிறது.

அதே அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கெய்ன்ஸ்வில் நகருக்குத் தெற்கே ஒரே ஒரு குட்டையில் மட்டும் ஒரு தேவதை இறால் இனம் கண்டறியப்பட்டிருந்தது. அந்த இனம் அற்றுப்போய்விட்டது என 2011-ல் அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறை அறிவித்தது. ஒரு குட்டை போனது, கூடவே ஒரு இனமே போனது.

தமிழ்நாட்டில் இந்த இறால் இருக்கிறதா?

இருக்கு. அதுவும் பெயரோடு இருக்கு. ஸ்டோன் மவுண்டன் இறாலின் அதே பிராங்கினெல்லா பேரினத்தில், மதுரையின் பெயரைத் தாங்கிய ஓர் இனம் உண்டு. 1951-ல் விவரிக்கப்பட்ட அதன் பெயர் பிராங்கினெல்லா மதுரையென்சிஸ்.

தென்னிந்தியாவில் அதிகம் ஆராயப்பட்டது ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகோடோமஸ் என்ற இனம். 1860-லேயே இது அறிவியல் ஏட்டில் இடம்பிடித்துவிட்டது. இதன் முட்டை எந்தச் சூழலில் பொரிக்கிறது, எப்படி வளர்க்கலாம், மீன் குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுக்கலாமா என்றெல்லாம் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

'எல்லா இனமும் கண்டுபிடிச்சாச்சு'ன்னும் நினைக்க வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மகாராஷ்டிரப் பகுதியில் இருந்து ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் சஹ்யாத்ரியென்சிஸ் என்ற புதிய இனம் 2014-ல்தான் விவரிக்கப்பட்டது. குட்டைகள் மூடப்படும் வேகத்தில், பெயர் வைப்பதற்கு முன்பே சில இனங்கள் போய்விடலாம்.

மூலக்குளத்தில் இதை ஏன் பேச வேண்டும்?

புதுச்சேரியில் இருந்து விழுப்புரம் சாலையில் போனால் ரெட்டியார்பாளையம் தாண்டி மூலக்குளம், அடுத்து அரும்பார்த்தபுரம், பிறகு வில்லியனூர். பக்கத்திலேயே கனகன் ஏரி, கொஞ்சம் தள்ளி ஊசுட்டேரி. ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே தண்ணீரின் ஞாபகம் வரும் பகுதி. இன்று இந்தச் சாலையின் இரு பக்கமும் வீடுகள், கடைகள், திருமண மண்டபங்கள், மனைப்பிரிவுகள்.

ஏரிக்கும் குளத்துக்கும் பெயர் இருக்கிறது, கரை இருக்கிறது, பதிவேட்டில் இடம் இருக்கிறது. ஊசுட்டேரிக்குப் பறவைகள் சரணாலயம் என்ற பாதுகாப்பும் இருக்கிறது. ஆனால் குட்டைக்கு? மாடு தண்ணீர் குடிக்கும் பள்ளம், செம்மண் எடுத்த குழி, வயலுக்குப் பக்கத்துத் தாழ்வான நிலம் எல்லாம் மழை பெய்தால் மட்டும் ஞாபகத்துக்கு வரும். மற்ற ஒன்பது மாதமும் அது 'காலி இடம்'தான். மனை விலை ஏறும் ஊரில் காலி இடம் ரொம்ப நாள் காலியாக இருக்காது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி நகரமே மிதந்தது. அந்த அளவு மழையைக் குட்டைகளால் மட்டும் தாங்க முடியாதுதான். ஆனாலும் தண்ணீர் தேங்கிய தாழ்வான இடங்கள் பல ஒரு காலத்தில் பள்ளமாக இருந்தவை என்பதை அங்கு வாழும் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும். அந்தப் பள்ளங்கள் தண்ணீரை வாங்கி நிலத்துக்குள் இறக்கின. குடிநீருக்கு நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் புதுச்சேரிக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ல் வந்த ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகளில், தற்காலிகமாகத் தண்ணீர் நிற்கும் இடங்களும் ஈரநிலம் என்ற வரையறைக்குள் வருகின்றன. ஆனால் பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர்கள் உருவாக்கிய நீர்நிலைகளை அதே விதிகள் விலக்குகின்றன. நம்ம ஊர் ஏரி, குளங்களில் பெரும்பாலானவை மனிதர் வெட்டியவை என்பதால் இந்த விலக்கு முக்கியமானது.

அடுத்தது அளவு. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 2.25 ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ள 2,01,503 ஈரநிலங்களுக்குப் பாதுகாப்பு தர உத்தரவிட்டது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் வரைபடத்தில் இருந்து எடுக்கப்பட்ட எண்ணிக்கை அது. 2.25 ஹெக்டேர் என்பது சுமார் ஐந்தரை ஏக்கர். தேவதை இறால் வாழும் குட்டை பெரும்பாலும் சில சென்ட் அளவுதான் இருக்கும். அதாவது, பெரிய கண்ணி உள்ள வலையில் சின்ன மீன் நழுவிப் போகிற மாதிரி இந்தக் குட்டைகள் நழுவிவிடுகின்றன.

மூன்றாவது, நாம் கணக்கெடுக்கும் விதம். மத்திய ஜல்சக்தி அமைச்சகம் 2023-ல் வெளியிட்ட நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு, 24.24 லட்சம் நீர்நிலைகளைப் பதிவு செய்தது. அவற்றில் 16.3 சதவீதம் 'பயன்பாட்டில் இல்லை' என்கிறது அந்த அறிக்கை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, வறண்டுபோனது. மனிதரின் தேவைக்கு அது சரியான கணக்குதான். ஆனால் தேவதை இறாலைக் கேட்டால், வறள்வதால்தான் அந்தக் குட்டை பயன்பாட்டில் இருக்கிறது.

தூர்வாருவது நல்லதுதானே?

பெரும்பாலும் நல்லதுதான். மண்மேடான ஏரியின் கொள்ளளவைத் திரும்பக் கொண்டுவரத் தூர்வாரித்தான் ஆக வேண்டும். பிரச்சினை, எல்லா நீர்நிலைக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதில் இருக்கு.

மழைக்கால குட்டை ஒன்றை ஜேசிபி வைத்து ஆழமாக வெட்டினால் இரண்டு விஷயம் நடக்கும். முதலில், முட்டை வங்கி இருக்கும் மேல்மண் லாரியில் ஏறிப் போய்விடும். பல வருஷச் சேமிப்பு ஒரே நாளில் காலி. அடுத்து, ஆழம் கூடியதால் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். மீன் விடுவார்கள், அல்லது வாய்க்கால் வழியே மீன் தானாக வந்து சேரும். அதன்பிறகு அங்கே தேவதை இறாலுக்கு இடமில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு வறண்ட குட்டை 'உயிர்பெற்ற' மாதிரி இருக்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வெட்டுவதற்கு முன் மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் ஆழமில்லாத ஓரத்தில் பரப்பலாம். குட்டைகளை மீட்கும்போது பழைய குட்டையின் மண்ணைக் கொண்டுவந்து போடுவது கலிஃபோர்னியாவில் நடைமுறையில் உள்ள முறை. கரையைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக விட்டால், ஓரங்கள் முன்பு போலவே நனைந்து காயும். ஊரில் நான்கு குட்டை இருந்தால் ஒன்றையாவது தொடாமல் விடலாம். இதற்குத் தனியாகப் பெரிய செலவு எதுவும் கிடையாது.

தண்ணீர் தேங்கினால் கொசு வராதா?

நியாயமான கேள்வி. டெங்கு பயம் உள்ள ஊரில் 'குட்டையை விட்டுவையுங்கள்' என்று சொன்னால் யாரும் சும்மா கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிகம் வளர்வது வீட்டைச் சுற்றித்தான். பழைய டயர், தேங்காய் ஓடு, பூந்தொட்டித் தட்டு, மூடாத தண்ணீர்த் தொட்டி இவைதான் அதன் கூடாரம். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குப் பிடித்தது சாக்கடை நீர். மழைக் குட்டையிலும் சில வகைக் கொசு முட்டையிடும் என்பது உண்மை. ஆனால் அங்கே தும்பியின் இளம் பருவம், நீர் வண்டு, நீர்ப்பூச்சி எனக் கொசுப்புழுவைத் தின்ன ஆட்கள் இருக்கிறார்கள். குட்டையில் கழிவுநீரையும் குப்பையையும் கலக்கும்போதுதான் அந்தப் பூச்சிகள் செத்து, கொசு மட்டும் மிஞ்சுகிறது.

கொசுவை ஒழிக்கக் கம்பூசியா, கப்பி மீன்களை விடும் வழக்கமும் உண்டு. கிணற்றுக்கும் தொட்டிக்கும் அது பொருந்தலாம். மழைக் குட்டையில் விட்டால் அந்த மீன்கள் தேவதை இறாலையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இந்த இறாலால் மனிதருக்கு என்ன லாபம்?

வண்ண மீன் வளர்ப்பவர்களுக்கும் இறால் பண்ணைக்காரர்களுக்கும் ஆர்ட்டீமியா என்ற பெயர் நன்றாகத் தெரியும். குஞ்சுகளுக்கு முதல் தீனியாகக் கொடுப்பது அதைத்தான். ஆர்ட்டீமியா என்பது உப்பு நீரில் வாழும் தேவதை இறால்தான். காய்ந்த முட்டையை டப்பாவில் அடைத்து விற்க முடிவதற்குக் காரணமே, மேலே சொன்ன அந்த உறங்கும் தன்மை. ஆனால் நன்னீர்த் தொட்டியில் போட்டால் ஆர்ட்டீமியா ரொம்ப நேரம் தாங்காது. நன்னீரிலேயே பிறந்து வளரும் நம்ம ஊர் இனத்தைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாற்றுத் தீனியாகப் பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தாய்லாந்து இதில் முன்னே போய்விட்டது. அங்கே வடகிழக்குப் பகுதி கிராம மக்கள் தேவதை இறாலைச் சமைத்தே சாப்பிடுகிறார்கள். இளவரசி சிரிந்தோர்ன் பெயரை ஓர் இனத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். மீன் தீனிக்காக வளர்க்கவும் செய்கிறார்கள்.

தண்ணீரில் நச்சு இருக்கிறதா என்று சோதிக்கவும் தேவதை இறால் பயன்படுகிறது. தாம்னோசெஃபாலஸ் என்ற வகையின் முட்டைகளைக் கொண்ட சோதனைப் பெட்டிகள் பல நாடுகளில் விற்பனையில் உள்ளன. பூச்சிக்கொல்லி கலந்த நீரில் இவை சீக்கிரம் இறந்துவிடும் என்பதே காரணம்.

பறவைகளுக்கும் இது சத்தான இரை. வடகிழக்குப் பருவமழை பெய்து குட்டைகள் நிரம்பும் அதே மாதங்களில்தான் ஊசுட்டேரிக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. பறவை தின்றாலும் சில முட்டைகள் செரிக்காமல் எச்சத்தோடு வெளியேறி இன்னொரு குட்டையில் விழுந்து பொரிக்கும். கால் சேற்றில் ஒட்டியும் பயணம் போகும். எனவே குட்டைகள் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருந்தால்தான் இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கும். இடையில் உள்ள நாலைந்து குட்டைகள் மூடப்பட்டால் மிச்சம் இருப்பது தனித்தீவாகிவிடும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

கலிஃபோர்னியாவில் மழைக்காலக் குட்டைகள் பெரும்பகுதி விவசாயத்துக்கும் வீடுகளுக்கும் போன பிறகு, 1994-ல் சில தேவதை இறால் இனங்கள் அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2005-ல் திறக்கப்பட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகம், இந்தக் குட்டைகளுக்காகவே முதலில் திட்டமிட்ட இடத்தை மாற்றிக்கொண்டது. அதன் அருகே சுமார் 6,500 ஏக்கர் நிலம் இப்போது காப்பிடமாக இருக்கிறது.

பிரிட்டனில் கதை இன்னும் சுவாரசியம். அங்கே சட்டப் பாதுகாப்பு பெற்ற தேவதை இறால், சாலிஸ்பரி சமவெளியில் ராணுவ டாங்கிகள் ஓடிய தடப் பள்ளங்களில் தேங்கும் மழைநீரில் வாழ்கிறது. டாங்கியின் சக்கரச் சேறே முட்டையை இடம் மாற்றுகிறது. நம்ம ஊரில் அந்த வேலையைக் குட்டையில் இறங்கும் எருமையும் மாடும் செய்யும். மாடு வளர்ப்பது குறைந்தால் அந்தப் போக்குவரத்தும் குறையும்.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

அடுத்த மழைக்குப் பிறகு உங்கள் பகுதியில் தேங்கும் குட்டையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மல்லாக்க நீந்தும் உயிரினம் தெரிந்தால் வீடியோ எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறைக்கோ புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறைக்கோ அனுப்பலாம். பார்த்து முடித்ததும் தண்ணீரை அதே குட்டையிலேயே ஊற்றிவிடுங்கள். குப்பையும் கட்டடக் கழிவும் கொட்டுவதைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. உங்கள் ஊர்க் குட்டையைத் தூர்வார வருகிறார்கள் என்றால், மேல்மண்ணைத் தனியாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்டோன் மவுண்டன் இறாலுக்கு ஒரு மலை உச்சிதான் மிச்சம். ஃபுளோரிடா இறாலுக்கு அதுவும் மிச்சமில்லை. தமிழ் நிலத்து இனங்களுக்கு இன்னும் குட்டைகள் இருக்கின்றன. கோடையில் வெடித்துக் கிடக்கும் அந்த மண்ணுக்குள் அடுத்த தலைமுறை தூங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு லோடு மண்ணைக் கொட்டுவதற்கு முன் அது தெரிந்திருக்க வேண்டும்.